ஃபார்மட் அடிச்சாலும் போகாத பூட்டு

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி விக்கிற தம்பி, தங்கச்சிங்களுக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

நம்ம ஊர் லால்பேட்டையில வெளிநாட்டுல ஆள் இல்லாத வீடு குறைவு. துபாய்லேருந்தோ குவைத்லேருந்தோ லீவுக்கு வர்ற மச்சான் பெட்டியில இப்பல்லாம் சென்ட் பாட்டிலுக்குப் பக்கத்துல ஒரு லேப்டாப்பும் இருக்கு. "ஆபீஸ்ல பழசைக் கழிச்சாங்க, எனக்குக் குடுத்துட்டாங்க"ன்னு சொல்வாங்க. இன்னொரு பக்கம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்லேருந்து அஞ்சு, பத்துன்னு மொத்தமா எடுத்துட்டு வந்து காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் காலேஜ் பிள்ளைங்களுக்கு விக்கிற தம்பிங்க இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன். கம்பெனி லேப்டாப்புகளைப் பூட்டி நிர்வாகம் பண்ற சைடுல வேலை பார்த்தவ நான். பூட்டு எங்கே உட்கார்ந்திருக்கும்னு தெரியும்.

லேப்டாப் பார்க்கப் போனா எல்லாரும் கேக்கிறது ஒரே மாதிரிதான். ஐ-ஃபைவா ஐ-செவனா, ரேம் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் நிக்குது, கீல் ஆடுதா. இதெல்லாம் தேவைதான். ஆனா இதுல எது கெட்டுப் போயிருந்தாலும் காசு செலவு பண்ணிச் சரி பண்ணிடலாம். இந்த மெஷின் இன்னும் ஏதாவது கம்பெனி கணக்குல இருக்கான்னு மட்டும் யாரும் கேக்கிறதில்லை. அதை நம்மால சரி பண்ணவும் முடியாது. கொடிக்கால் ஊர்ல பொறந்தவங்க நாம. மேல தெரியிற நாலு இலையை மட்டும் பார்த்துட்டு வெத்தலைக் கவுளி வாங்க மாட்டோம், பிரிச்சுப் பார்ப்போம். லேப்டாப்பையும் பிரிச்சுத்தான் பார்க்கணும். ஸ்க்ரூவைக் கழட்டி இல்ல, நெட்டைக் குடுத்து.

பூட்டு இருக்கிறது லேப்டாப்ல இல்லை

ஆயிரம் பேர் வேலை பார்க்கிற கம்பெனியில ஒவ்வொரு லேப்டாப்பையும் உட்கார்ந்து செட் பண்ணிட்டிருக்க முடியாது. அதுக்காக மைக்ரோசாஃப்ட் 2017-ல ஆட்டோபைலட்னு ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. மெஷினோட சீரியல் நம்பர், மதர்போர்டு, டிபிஎம்ங்கிற பாதுகாப்பு சிப் விவரமெல்லாம் சேர்த்து ஹார்டுவேர் ஹேஷ்னு ஒரு நீளமான அடையாளம் எடுத்து, அதைக் கம்பெனி பேர்ல மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிஞ்சு வச்சிடுவாங்க. அதுக்கப்புறம் நீ விண்டோஸைப் புதுசா ஏத்தினாலும், செட்டப் நடக்கும்போது நெட் கிடைச்சதும் அது சர்வரைக் கேக்கும். சர்வர், "இது இன்னாரோடது"ன்னு சொல்லிடும். திரையில கம்பெனி பேர் போட்டு வரவேற்பு வரும், ஆபீஸ் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் கேக்கும். அவ்வளவுதான், அங்கேயே நின்னுடும். எஸ்எஸ்டி-யை மாத்திப் போட்டாலும் இதே கதைதான், மதர்போர்டு மாறலையே.

இந்தப் பூட்டை எடுக்காமலே மெஷின் எப்படி நம்ம கைக்கு வருதுன்னு கேப்பீங்க. திருட்டு, ஏமாத்துன்னு எடுத்த எடுப்புல நினைக்க வேண்டாம். பெரும்பாலும் சோம்பல்தான். கம்பெனியில மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பழசைக் கழிச்சு மொத்தமா வியாபாரிக்குக் குடுப்பாங்க. அட்மின் பையன் இன்டியூன்னு ஒரு மேனேஜ்மென்ட் பட்டியல்லேருந்து அந்த மெஷினை எடுத்துடுவான், வேலை முடிஞ்சதுன்னு போயிடுவான். ஆட்டோபைலட் பட்டியல் அதுல சேராது, தனியா இருக்கும். அதை எடுக்க மறந்துடுவான். ஆப்பிள்லயும் அப்படியே: மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேரை எடுக்கிறது வேற, ஆப்பிள் பிசினஸ் மேனேஜர்ங்கிற பதிவுப் பட்டியல்லேருந்து மெஷினை ரிலீஸ் பண்றது வேற. பெரிய இடத்துலயும் பழசைக் கழிக்கிறதுல அக்கறை இருக்காது. மார்கன் ஸ்டான்லி தெரியுமில்ல, அமெரிக்காவோட பெரிய நிதி நிறுவனம். பழைய சர்வர், ஹார்டு டிரைவையெல்லாம் அழிக்கிற வேலையை, அதுல அனுபவமே இல்லாத வீட்டுச் சாமான் ஏத்தி இறக்குற கம்பெனிகிட்ட விட்டாங்க. வாடிக்கையாளர் விவரத்தோட அதெல்லாம் ஏலத்துல போச்சு. 2022-ல அதுக்காக 3.5 கோடி டாலர் அபராதம் கட்டினாங்க. அவங்களே அப்படின்னா, ஏதோ ஒரு ஐ.டி. பார்க்ல ஏழாம் மாடியில இருக்கிற அட்மின் பையனைச் சொல்லி என்ன பண்றது.

ரீசெட் அடி, ஹாட்ஸ்பாட் குடு

காசு குடுக்கிறதுக்கு முன்னாடி, விக்கிறவர் எதிர்லயே இதைச் செய்யணும். செட்டிங்ஸ்ல சிஸ்டம், அதுல ரெக்கவரி, அங்கே 'ரீசெட் திஸ் பிசி'. 'ரிமூவ் எவ்ரிதிங்' குடு. முன்னாடியே, "உள்ளே போட்டோ, ஃபைல் ஏதாவது வேணுமா, எடுத்து வச்சிட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுடு. அழிஞ்சப்புறம் கல்யாண வீடியோ போச்சுன்னு சண்டைக்கு வருவாங்க. சார்ஜர் மாட்டியே இருக்கணும். அரை மணி ஆகலாம், ஒரு மணிக்கு மேலயும் ஆகலாம். டீ சொல்லிட்டு உட்காரு.

திரும்ப ஆன் ஆகி நாடு, கீபோர்டு எல்லாம் கேட்டப்புறம் நெட் கேக்கும். அங்கே உன் போன் ஹாட்ஸ்பாட்டைத்தான் குடுக்கணும். கடை வைஃபை வேண்டாம், அந்த லைன்ல எதை அடைச்சு வச்சிருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. விண்டோஸ் ப்ரோவா இருந்தா, "சொந்த உபயோகமா, ஆபீஸ் அல்லது ஸ்கூலா"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தா நிம்மதி. அது வராம நேரா கம்பெனி பேரும் லோகோவும் வந்து நின்னா, லேப்டாப்பை மூடிக் கையில குடுத்துட்டு எழுந்துடு.

இங்கே ஒரு தில்லுமுல்லு இருக்கு. "ரீசெட் எதுக்குங்க, இதோ டெஸ்க்டாப் வந்து ஓடுது, யூடியூப் போட்டுப் பாருங்க"ன்னு காட்டுவாங்க. நெட் குடுக்காமலே செட்டப்பை முடிக்கிற குறுக்கு வழிகள் இருக்கு. எப்படின்னு நான் இங்கே சொல்லப் போறதில்லை, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். அப்படி முடிச்ச மெஷின் மாசக்கணக்கா ஒழுங்கா ஓடும். என்னைக்கு அந்தக் காலேஜ் பிள்ளை வைரஸ் வந்துடுச்சுன்னு ரீசெட் அடிக்குதோ, அன்னைக்குக் கம்பெனி பேர் வந்து நிக்கும். பரீட்சைக்கு முந்தின நாளாத்தான் அது இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் முகத்தை நீ திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. உன்கிட்ட வாங்கின பிள்ளையோட அத்தாவை ஜும்மாவுக்கு ஜும்மா பார்த்தாகணும்.

இன்னொண்ணு, எடிஷனைப் பாரு. ஆட்டோபைலட் விண்டோஸ் ஹோம்ல வேலை செய்யாது. ப்ரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் இதுலதான் செய்யும். டெல் லாடிடியூட், லெனோவோ திங்க்பேட், ஹெச்.பி. எலைட்புக் இதெல்லாம் கம்பெனிக்குன்னே வர்ற மாடல். அதோட பயாஸ்ல பெரும்பாலும் ப்ரோ லைசென்ஸ்தான் இருக்கும். அந்த மாதிரி மெஷின்ல ஹோம் ஏத்தி வச்சிருந்தா, "ஏன் ஹோம் போட்டீங்க?"ன்னு கேளு. பதில் தடுமாறும். அப்ப நீயே பென் டிரைவ்ல ப்ரோ ஏத்திப் பார்க்கணும். மொத்தமா பத்து மெஷின் எடுக்கிறவங்களுக்கும் இதுதான் சுலபம்: பென் டிரைவ்ல விண்டோஸ் 11 ப்ரோ கொண்டு போ, ஒவ்வொண்ணுலயும் ஏத்தி, நெட் கேக்கிற இடம் தாண்டற வரைக்கும் போய்ப் பாரு, போதும். முழுசா செட் பண்ண வேண்டியதில்லை.

ரீசெட் அடிக்க விடவே மாட்டேங்கிறாங்கன்னு வை. குறைஞ்சபட்சம் செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' திறந்து, ஏதாவது ஆபீஸ் கணக்கு ஒட்டிட்டிருக்கான்னு பாரு. அடுத்து கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டி-எஸ்-ஆர்-இ-ஜி-சி-எம்-டி ஒட்டி அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'ஸ்டேட்டஸ்'னு அடி. மேலேயே 'அஸூர்ஏடி ஜாயின்டு', 'டொமைன் ஜாயின்டு'ன்னு ரெண்டு வரி வரும். ரெண்டுலயும் 'நோ' இருக்கணும். 'எஸ்'னு இருந்தா கீழே டெனன்ட் நேம்ல கம்பெனி பேரும் தெரியலாம். ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்க: இதுல 'நோ' வந்தா இப்போதைக்கு சேரலைன்னுதான் அர்த்தம், சர்வர் பட்டியல்ல இல்லைன்னு அர்த்தம் இல்லை. ரீசெட்டுக்கு இது மாற்று ஆகாது. ரீசெட் அடிக்க விடாதவர்கிட்ட வாங்காம இருக்கிறதுதான் என் கட்சி.

பயாஸுக்குள்ள போ

டெல்லுக்கு எஃப்-2, ஹெச்.பி.க்கு எஃப்-10, திங்க்பேடுக்கு எஃப்-1. ஆன் பண்ணும்போது அழுத்து. உள்ளே போகவே பாஸ்வேர்டு கேட்டா, அது கம்பெனி போட்டது. திங்க்பேடுல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியலைன்னா லெனோவோவே சொல்ற வழி மதர்போர்டை மாத்துறதுதான். அந்தக் காசுக்கு இன்னொரு லேப்டாப் வாங்கிடலாம்.

உள்ளே போயிட்டா மூணு விஷயம் பாரு. அடியில ஒட்டியிருக்கிற சீரியல் நம்பரும் பயாஸ்ல காட்டுற நம்பரும் ஒண்ணா? கீழ் மூடி சுரண்டியிருக்கா, ஸ்டிக்கரைப் பிச்செடுத்த பசை தடம் சதுரமா இருக்கா? அது கம்பெனி அசெட் டேக் இருந்த இடம். டேக் இருக்கிறது தப்பில்லை, அவசரமா பிச்சிருந்தாத்தான் யோசிக்கணும். டெல்னா அந்த நம்பரை (டெல்ல அதுக்குப் பேர் சர்வீஸ் டேக்) டெல் தளத்துல போட்டுப் பாரு, வாரன்ட்டி எப்ப முடியுதுன்னு வரும். வாரன்ட்டி இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கிற லாடிடியூடை "கம்பெனி கழிச்சது"ன்னு சொன்னா, நம்பாதே. வாரன்ட்டி ஓடுற மெஷினைக் கம்பெனி பொதுவா கழிக்காது. வேலையை விட்டுட்டுத் திருப்பிக் குடுக்காத லேப்டாப்பா இருக்கலாம், அதைவிட மோசமாவும் இருக்கலாம்.

மூணாவது, செக்யூரிட்டி பக்கத்துல 'அப்சல்யூட்' அல்லது 'கம்ப்யூட்ரேஸ்'னு ஒரு வரி. இது திருட்டுப்போன மெஷினைத் தேடிப் பிடிக்கிற ஏற்பாடு. பயாஸ்லயே குடியிருக்கும், ஹார்டு டிஸ்க்கை அழிச்சாலும் விண்டோஸ் திரும்ப வந்ததும் தன்னைத்தானே திரும்ப ஏத்திக்கும். சில மாடல்ல ரெண்டு வரி இருக்கும். 'எனேபிள்டு'ன்னு இருந்தா மட்டும் பயப்படாதே, அது ஏற்பாடு தயாரா இருக்குன்னுதான் அர்த்தம். 'கரண்ட் ஸ்டேட்' பக்கத்துல 'ஆக்டிவேட்டட்'னு இருந்தாத்தான் வில்லங்கம். அதை அணைக்க மெஷினோட சொந்தக்காரக் கம்பெனியால மட்டும்தான் முடியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஒஹாயோவில நடந்த ஒரு கதை. 2008-ல அங்கே ஒரு பதிலி ஆசிரியை, தன்கிட்டப் படிச்ச பையன்கிட்டேருந்து 60 டாலருக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கினாங்க. மாமா, மாமி குடுத்ததுன்னு பையன் சொல்லியிருக்கான். உண்மையில அது பள்ளிக்கூட நிர்வாகத்தோட லேப்டாப், திருட்டுப்போனது, அதுல அப்சல்யூட் இருந்தது. சீரியல் நம்பர் சுரண்டப்பட்டிருந்தது. அப்சல்யூட் நிறுவனத்தோட ஆள், லேப்டாப் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சதோட நிக்காம, அந்த அம்மா அனுப்பின மெயில், சாட், தனக்கு வேண்டியவரோட கேமராவுல பேசினதுன்னு எல்லாத்தையும் பதிவு பண்ணி, அந்தரங்கமான படங்களோட போலீஸ் கையில குடுத்துட்டார். போலீஸ் அந்தப் படங்களோட வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, கைது பண்ணினாங்க. வழக்கு சீக்கிரமே கைவிடப்பட்டது, ஆனா மானம் போனது போனதுதானே. அவங்க அந்த நிறுவனத்து மேல திருப்பிக் கேஸ் போட்டாங்க. 2011-ல நீதிபதி, தள்ளுபடி பண்ண முடியாது, விசாரிக்க வேண்டியதுதான்னு சொன்னார். அப்புறம் சமரசத்துல முடிஞ்சது.

நம்ம வீட்டுப் பொண்ணுங்க படுக்கை அறையில உட்கார்ந்து ஆன்லைன் கிளாஸ் படிக்கிற லேப்டாப் இது. கம்பெனி கட்டுப்பாட்டுல இருக்கிற மெஷின்ல புரோகிராம் ஏத்தலாம், அழிக்கலாம், மொத்தமா பூட்டலாம். இதெல்லாம் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் ஒரு பட்டனை அழுத்திச் செய்யிறது. விலை ரெண்டாயிரம் குறைச்சல்னு அதை வீட்டுக்குள்ள விடாதீங்க.

மேக்புக்

வளைகுடாவுலேருந்து வர்ற மேக்புக்ல இந்தத் தொந்தரவு நிறைய. 'இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' குடுத்து அழிச்சு, முதல் செட்டப்ல நெட் குடு. 'ரிமோட் மேனேஜ்மென்ட்'னு தலைப்புப் போட்டு ஒரு திரை வந்தா, வாங்காதே. அழிக்க முடியலைன்னா டெர்மினல் திறந்து: 'சூடோ', இடைவெளி, 'புரொஃபைல்ஸ்', இடைவெளி, 'ஷோ', இடைவெளி, மைனஸ் குறி ஒட்டி 'டைப்', இடைவெளி, 'என்ரோல்மென்ட்'. எல்லாம் ஆங்கிலத்துல, சின்ன எழுத்துல. இது ஆப்பிள் சர்வரையே நேரா கேக்கும். கம்பெனி பேர், முகவரின்னு நீளமா வந்தா பூட்டு இருக்கு. நெட் நல்லா இருக்கும்போதே சர்வரைத் தொட முடியலைன்னு பிழை காட்டினா, யாரோ அந்த வழியை அடைச்சு வச்சிருக்காங்களான்னு சந்தேகப்படு. 'எம்டிஎம் பைபாஸ்', அதாவது கம்பெனிப் பூட்டைத் தாண்டிப் போறது, பண்ணித் தர்றேன்னு சொல்றவங்க செய்யிறது பெரும்பாலும் இதைத்தான். மேக்ஓஎஸ்ஸைப் புதுசா ஏத்தினா திரும்ப வந்துடும்.

இதோட, சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல ஹார்டுவேர் பக்கத்துல 'ஆக்டிவேஷன் லாக் ஸ்டேட்டஸ்' இருக்கு. அது 'டிசேபிள்டு'ன்னு இருக்கணும். அது தனி ஆள் போட்ட பூட்டு, மேலே சொன்னது கம்பெனி போட்டது. ரெண்டும் வேற வேற, ரெண்டையும் பாரு. குரோம்புக் நம்ம பக்கம் அதிகம் வராது. வந்தா, லாகின் திரையிலயே இன்னார் நிர்வகிக்கிறாங்கன்னு எழுதியிருக்கும்; பவர்வாஷ் (அதோட ரீசெட்) பண்ணினாலும் போகாது.

பூட்டோட வாங்கியாச்சுன்னா

மதர்போர்டைத் தோண்டுறேன், சாஃப்ட்வேர் போட்டு உடைக்கிறேன்னு யார்கிட்டயும் காசு குடுக்காதே. நேர் வழி ஒண்ணுதான் இருக்கு, அது பல நேரம் பலிக்கவும் செய்யும். திரையில வர்ற கம்பெனி பேரைப் போட்டோ எடு. அந்தக் கம்பெனி ஐ.டி. பிரிவுக்கு ஒரு மெயில்: சீரியல் நம்பர் இது, இந்தத் தேதியில இவர்கிட்ட வாங்கினேன், பில் இதோ, இது நீங்க கழிச்ச மெஷின்தான்னா ஆட்டோபைலட் பட்டியல்லேருந்து எடுத்து விடுங்க. மேக்னா ஆப்பிள் பிசினஸ் மேனேஜர்லேருந்து ரிலீஸ் பண்ணச் சொல்லு. அவங்களுக்கு அது சின்ன வேலை. பணிவா, விவரமா எழுதின மெயிலுக்கு எடுத்து விட்ட அட்மின்களை எனக்குத் தெரியும். எடுத்ததும் உடனே தெரியாது, கொஞ்ச நேரம் பொறுத்து திரும்ப ரீசெட் அடிச்சுப் பாரு.

"அது எங்ககிட்ட திருட்டுப்போனது"ன்னு பதில் வந்தா, லேப்டாப்பை அப்படியே வை, வேற யாருக்கும் தள்ளிவிடாதே. தெரிஞ்சே திருட்டுப் பொருளை வச்சிருந்தா பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுல மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பழைய ஐ.பி.சி. 411 மாதிரிதான். அந்த மெயில் வந்த நிமிஷத்துலேருந்து 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்ல முடியாது. பில்லை எடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போறதுதான் நல்லது.

அதே மூச்சுல: மூடியில தமிழ்நாடு அரசு முத்திரை இருக்கிற லேப்டாப்பை வாங்கவும் வேண்டாம், விக்கவும் வேண்டாம். 2011-லேருந்து பிள்ளைங்க படிக்கக் குடுத்தது, விக்கிறதுக்கு இல்லை. ஸ்டிக்கர் ஒட்டி முத்திரையை மறைச்சுட்டு வர்றவங்களுக்கு ஒரே பதில்தான்.

இப்ப சந்தையில பழைய லேப்டாப் வரத்து அதிகம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்கு முந்தினதெல்லாம் பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியல்ல இல்லை. அதனால கம்பெனிங்க மூட்டை மூட்டையா கழிக்கிறாங்க. பூட்டோட சேர்த்துத்தான் வரும். லினக்ஸ் போட்டா ஆட்டோபைலட் தலை காட்டாதே அக்கான்னு ஒரு தம்பி கேட்டான். காட்டாதுதான். ஆனா பயாஸ் பாஸ்வேர்டும் அப்சல்யூட்டும் அப்படியே இருக்கும், மெஷின் யாரோடதுங்கிற கேள்வியும் மாறாது.

வெளிநாட்டுல இருக்கிற மச்சான்மாருக்கு

எல்லா பரிசோதனையும் அங்கேயே முடிஞ்சுடணும். துபாய்ல காலித் பின் வலீத் ரோடு கம்ப்யூட்டர் கடையில வாங்கினாலும் சரி, ஆபீஸ்ல குடுத்ததா இருந்தாலும் சரி, ஊருக்கு வந்தப்புறம் அந்தக் கடைக்காரரை எங்கே பிடிக்கிறது? வாங்கும்போது வீடியோ கால் போடச் சொல்லு, நீ இங்கேருந்து ஒவ்வொரு திரையா பார்த்துச் சொல்லு. ஆபீஸ்ல குடுத்ததுன்னா மேனேஜர் வாய் வார்த்தை பத்தாது. "இந்த சீரியல் நம்பர் மெஷினை இன்னாருக்குக் குடுத்துட்டோம், எங்க சிஸ்டத்துலேருந்து எடுத்துட்டோம்"னு ஐ.டி. பிரிவுலேருந்து ஒரு மெயில் வாங்கிக்கணும். வேலையை விட்டு வர்றவங்க கடைசி சம்பளம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதைக் கேட்டுடணும். அப்புறம் கேட்டா யாரும் போன் எடுக்க மாட்டாங்க. 18 வயசு ஆன பயணிக்கு ஒரு லேப்டாப் வரைக்கும் சுங்கவரி இல்லை. ரெண்டாவது, மூணாவதுன்னு பெட்டியில திணிச்சா, திருச்சி ஏர்போர்ட்ல வரி கட்டத் தயாரா இருக்கணும்.

கடைசியா, விக்கிற தம்பிங்க பில்லுல ரெண்டு வரி சேர்த்துக்குங்க. சீரியல் நம்பரை முழுசா எழுது, மாடல் பேரை மட்டும் எழுதாதே. கீழே, "ரீசெட் செய்து நெட்டில் இணைத்துச் சோதிக்கப்பட்டது; எந்த நிறுவனப் பூட்டு வந்தாலும் ஆறு மாதத்துக்குள் முழுப் பணம் திருப்பித் தரப்படும்." இதே வரியை உனக்கு விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்கிட்டயும் எழுதி வாங்கு. எழுத மாட்டேன்னு சொன்னா, அடுத்த கடை நாலடியில இருக்கு.